இலைக்குப் பின்னால் யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வசந்த வலசை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: "பறவை அங்கே இருந்தது, படத்தில் இல்லை." இந்த மாதம் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் யாருக்குமே போடவில்லை.

கேள்வி: அக்கா, போன வருடம் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கினேன். கதிர்க்குருவிகளை எடுக்கப் போனால் பாதிப் படங்களில் இலை, மீதிப் படங்களில் வால். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

நிற்கும் இடத்தை மாற்றுங்கள் தம்பி. கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கதிர்க்குருவி உங்களைக் கண்டு ஒளிவதாக நினைக்கிறீர்கள். அது இரை தேடுகிறது, அவ்வளவுதான். கிளையின் உள்பக்கத்தில் ஆரம்பித்து நுனிவரை இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வரும். நுனியில் ஒரு நொடி நிற்கும், அடுத்த கிளைக்குத் தாவும். புதர் வரிசையாக இருந்தால் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியே வரும். இந்தப் போக்கு பிடிபட்டதும் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? பின்னாலேயே ஓடுகிறார்கள். பின்னால் ஓடுபவருக்கு வால்தான் கிடைக்கும், அதைத்தான் நீங்கள் கத்தை கத்தையாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

விலகி, சுற்றி, அதற்கு முன்னால் போய் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் படட்டும். அது வரப்போகும் வழியில் இலை குறைவான கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தூரத்துக்கு ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். கேமரா கழுத்தில் தொங்க வேண்டாம். முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இடுப்பிலிருந்து கண்ணுக்கு அதைத் தூக்குகிற அந்த வேகமான அசைவுக்குத்தான் பாதிப் பறவைகள் போய்விடுகின்றன.

இன்னொன்று. லென்ஸை 600-க்கு நீட்டி வைத்துக்கொண்டு மரத்தில் பறவையைத் துழாவாதீர்கள். அந்த வட்டத்துக்குள் எல்லா இலையும் ஒரே இலைதான். 200-லோ 300-லோ கண்டுபிடித்து, பிறகு நீட்டுங்கள். கண்ணால் பறவையைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகினால் இன்னும் நல்லது. வீட்டு மாடியிலிருந்து காக்கையை வைத்தே பழகலாம், காக்கை கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை போன நண்பர் மரத்துக்கு மரம் பறவை என்கிறார். இது அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு காற்றுக்கு.

கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், பாட்டுக்குருவி போன்ற சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. சூரியன் மறைந்து அரை மணி, ஒரு மணிக்குள் கிளம்பி, விடியும் நேரத்தில் கீழே எந்தப் பச்சை தெரிகிறதோ அங்கே இறங்கும். ஆகவே நீங்கள் காலையில் பார்ப்பது நேற்றிரவு நடந்ததன் மிச்சம். வட அரைக்கோளத்து வசந்தத்தில் பறவைகள் வடக்கே போகின்றன. தென்காற்று வீசும் வெதுவெதுப்பான, தெளிவான இரவு என்றால் அவை கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். உங்கள் இடத்துக்குத் தெற்கே இருந்தவை வந்து சேரும், உங்கள் இடத்தில் இருந்தவை போய்விடும். வாடை எதிரே அடித்தாலோ மழை பிடித்தாலோ இருக்கிற இடத்திலேயே தங்கும். அதனால் நான் எதிர்பார்ப்பது இப்படியொரு இரவை: முதல் பாதியில் தென்காற்று, விடிவதற்குச் சற்று முன் மழையோ காற்றுத் திருப்பமோ. கிளம்பிய கூட்டம் நடுவழியில் இறங்கிவிடும்.

இதன் உச்சத்தை மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் பார்க்கலாம். யூகட்டான் தீபகற்பத்திலிருந்து மாலையில் கிளம்பும் குருவிகள் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் கடலை ஒரே மூச்சில் கடந்து மறுநாள் பகலில் கரை சேர்கின்றன. காற்று சாதகமாக இருந்தால் கரையைக் கவனிக்காமல் உள்நாட்டுக்கே பறந்துவிடும். எதிர்காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால், முதலில் கண்ணில் படும் மரத்தில் விழாத குறையாக இறங்கும். டெக்சாஸில் ஹை ஐலண்ட் என்ற இடம் அதற்காகவே பேர் போனது. சுற்றிலும் சதுப்பு, நடுவில் கொஞ்சம் மேடு, அந்த மேட்டில் மட்டும் மரங்கள். பத்து கிராம் எடையுள்ள பறவைக்கு அன்றைக்கு அதுதான் உலகம். படம் எடுப்பவருக்கு அது கொண்டாட்டமான நாள், பறவைக்கு உயிர்ப் போராட்டம். அந்த நாளில் நாலடி தூரத்தில் குருவி உட்கார்ந்திருக்கிறது என்றால் அது பழகிவிட்டது என்று பொருளில்லை. நகர முடியவில்லை. இன்னும் பக்கத்தில் போகாதீர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வானிலை ரேடாரில் மழையைப் போலவே பறவைக் கூட்டமும் பதிவாகும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் பேர்ட்காஸ்ட் இணையதளம் அதைக் கணக்கிட்டு, வரும் மூன்று இரவுகளில் எங்கே எவ்வளவு பறவைகள் கிளம்பும் என்று வரைபடம் போடுகிறது. மற்றவர்கள் காற்று வரைபடத்தைப் பார்த்து நாமே கணிக்க வேண்டியதுதான், கஷ்டமில்லை. நான் படுக்கப் போகும் முன் கேமரா பேட்டரியைப் பார்ப்பதைவிட காற்றின் திசையைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: சரி, இடம் சொன்னீர்கள், காற்று சொன்னீர்கள். செட்டிங் சொல்லவே மாட்டீர்களா?

சொல்கிறேன், சண்டை வேண்டாம்.

கிளையில் துள்ளும் குருவிக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி. வெளிச்சம் போதாவிட்டால் 1/500 வரை இறங்கலாம். ஆனால் அது தலையைத் திருப்பி நிறுத்துகிற இடைவெளியைப் பார்த்து நாலைந்து படங்களாகத் தொடர்ந்து எடுக்க வேண்டும், ஒன்றாவது தேறும். பறக்கும்போது வேண்டுமென்றால் 1/2500-க்கு மேல். அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து வையுங்கள், ஜூம் லென்ஸ்களில் அது எஃப்/6.3 என்றுதான் வரும். இந்த இரண்டையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தானாக ஓட விடுங்கள். மரநிழலில் 3200, 6400 என்று போகும். போகட்டும். புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிற படத்தை இன்றைய மென்பொருள் தேற்றிவிடும். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும், பறவை ஆடுவதை அல்ல. இதை எத்தனை முறை எழுதினாலும் "ஸ்டெபிலைசர் போட்டிருந்தேனே" என்று கடிதம் வருகிறது.

மேகம் மூடிய வெள்ளை வானத்துக்கு எதிரே உச்சிக்கிளையில் பறவை இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). வானம் வெளுத்துப் போனால் போகட்டும். அப்புறம், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பாகவே எடுங்கள். வசந்தத்துத் தளிரிலிருந்து வரும் பச்சை வெளிச்சம் பறவையின் வெள்ளை வயிற்றில் படிந்துவிடும். ஜேபெக்கில் அதைச் சரிசெய்ய முயன்றால் மஞ்சள் தொண்டையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டர் வசதியானதுதான். ஆனால் சில கேமராக்களில் வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து விழும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கேமராவில் பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஆனால் முன்னால் இருக்கும் குச்சியைத்தான் பிடிக்கிறது.

புதருக்குள் அந்த வசதியை நம்பாதீர்கள். கண் தெரியும்வரை அது திணறும். ஃபோகஸைச் சின்ன ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, குச்சிகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகப் பறவையின் மார்பில் வையுங்கள். அது வெளியே வந்தபின் கண் தேடலை இயக்கலாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேமராவின் கையேட்டைப் பாருங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கட்டைவிரலுக்கு இரண்டு வேலை. குச்சியிலேயே சிக்கிக்கொண்டால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கொஞ்சம் திருகிப் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள், மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விட்டது. வயது 58.

அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் இந்த வலிக்குக் கதிர்க்குருவிக் கழுத்து என்றே பேர் வைத்திருக்கிறார்கள். மருந்து: மரத்தடியில் நிற்காதீர்கள். சரிவின் மேல்பக்கம், பாலம், கண்காணிப்புக் கோபுரம் என்று உச்சிக்கிளை கண்மட்டத்துக்கு வரும் இடமாகப் பாருங்கள். விடிந்ததும் கிழக்குப் பார்த்த உச்சிகளில்தான் முதல் வெயில் படும், பூச்சிகள் சூடேறும், பறவைகளும் அங்கே கூடும். குளிரோடு காற்றடிக்கும் காலை என்றால் இன்னும் நல்லது. பூச்சிகள் கீழே இறங்கிவிடும், பின்னாலேயே பறவைகளும் காற்று மறைவான புதர்களுக்கு வந்துவிடும். எல்லாரும் போர்வைக்குள் இருக்கிற அந்த மாதிரிக் காலைகள்தான் எனக்கு இஷ்டம். கண்மட்டத்தில் வைத்து எடுத்த படத்தில் பறவையின் முகம் தெரியும், கீழிருந்து எடுத்தால் வயிறு.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் கைப்பேசியில் பறவையின் பாட்டைப் போடுகிறார். பறவை உடனே வெளியே வந்து நிற்கிறது. இது தவறா மேடம்? எல்லாரும் செய்கிறார்களே.

வெளியே வந்து நிற்கிறது, ஏன் என்று யோசித்தீர்களா? தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து விரட்ட வருகிறது. கூடு கட்டும் இடத்தில் அப்படிச் செய்தால் குடும்பத்தைக் கெடுக்கிறோம். வலசை வழியில் செய்தால் வேறு விதமான கெடுதல். இரவு முழுக்கப் பறந்து வந்த குருவி உடம்பில் இருந்த கொழுப்பைக் கரைத்திருக்கும். நெடுங்கடலைத் தாண்டி வந்தது என்றால் நெஞ்சுத் தசையையே கரைத்திருக்கும். அடுத்த இரவு கிளம்ப அது மறுபடி தின்று சேர்க்க வேண்டும். உங்கள் நண்பர் வெட்டியாக அலைக்கழிக்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அதன் சாப்பாட்டு நேரத்திலிருந்து போகிறது. அவர் போன பிறகு அடுத்த குழு வருகிறது, அவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது.

பல பூங்காக்களில் விதிப்படியே தடை உண்டு. அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையும் கூட்டம் அதிகம் வரும் இடங்களிலும் அரிய பறவைகளிடமும் இதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. நான் இன்னும் கறார்: வலசைக் காலத்தில் பாட்டே வேண்டாம். வாயால் "பிஷ் பிஷ்" என்று ஒலியெழுப்பிக் குருவிகளை எட்டிப்பார்க்க வைப்பவர்கள் உண்டு. ஓரிரு முறை என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கச்சேரி பண்ணினால் எழுந்து போய்விடுவேன்.

படமும் அவ்வளவு நன்றாக வருவதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு வரும் பறவை சிறகை ஒடுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பதற்றமாக நிற்கும். பத்துப் பேர் எடுத்த பத்துப் படத்திலும் அதே தோரணை. பார்த்தவுடனே சொல்லிவிடலாம், இது கைப்பேசிப் படம் என்று.

தண்ணீரைத் தேடுங்கள். தாவிக் குளிக்கத் தோதான ஆழமில்லாத தேக்கம், சொட்டுகிற பாறை, மழைக்குப் பின் இலைமேல் நிற்கும் நீர். மதியத்துக்குப் பின் இரை தேடல் ஓய்ந்த நேரத்தில் குளிக்க வரும். ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். வந்து, சிலிர்த்து, இறகு கோதி, பக்கத்துக் கிளையில் காயும்வரை இருக்கும். யாரும் கூப்பிடாமல் அதுவாக வந்தது.

கேள்வி: எனக்கு 71 வயது. கூட வருபவர்கள் "அதோ பாடுகிறது" என்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. கேட்காமல் இந்தப் பறவைகளைக் கண்டுபிடிக்க முடியுமா அம்மா?

முடியும் ஐயா. முதலில் ஒரு ஆறுதல்: சில பாட்டுகள் உண்மையிலேயே மிக உச்சத்தில் இருப்பவை. பிளாக்போல் கதிர்க்குருவியின் பாட்டு 8,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே. வயதாகும்போது காதில் முதலில் அணைவது அந்த உச்ச ஒலிகள்தான். எனக்கே அந்தப் பறவை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக மெல்லப் பாட ஆரம்பித்திருக்கிறது.

மெர்லின் செயலியில் 2021-இலிருந்து ஒலியைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் வசதி இருக்கிறது. பேர் சொல்வதைவிட உங்களுக்கு உதவப்போவது திரையில் ஓடும் ஒலிப்படம். ஒலி வரும்போது அதில் கோடு விழும். உங்கள் காது தவறவிட்டதைக் கண் பார்க்கும். பேரை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். காது மருத்துவரிடம் காட்டுவதிலும் தவறில்லை. நல்ல கருவி பொருத்திக்கொண்ட ஒரு நண்பர், இருபது வருடமாகக் காணாமல் போயிருந்த குருவிகள் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார்.

அப்புறம், பார்க்கும் முறை. ஒரு கிளையை உற்றுப் பார்க்காதீர்கள். பார்வையைத் தளர்த்தி மரத்தை முழுசாகப் பாருங்கள். காற்றில் எல்லா இலையும் ஒரே பக்கம் ஆடும்போது ஒன்று மட்டும் மாறி ஆடினால், அங்கே யாரோ இருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது பறவைகள் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பக்கம். வசந்தத்தில் அவை கிளம்பிவிடும். பிறகு எதைப் படமெடுப்பது?

கிளம்புவதற்கு முந்தைய வாரங்களை! எல்லாரும் பறவை வந்த புதிதில் ஓடிப்போய் எடுத்துவிட்டு, பிப்ரவரிக்குப் பிறகு கேமராவை மூட்டை கட்டிவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் இருந்த பறவைகள் இனப்பெருக்கக் காலத்து இறகுக்கு மாறுவதே அப்போதுதான். கர்ல்யூ சாண்ட்பைப்பர் என்னும் உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு வரும். கருவால் மூக்கனின் கழுத்தில் செம்மை ஏறும். பசிபிக் கோல்டன் பிளவர் என்னும் உப்புக்கொத்திக்கு முகம் முதல் வயிறு வரை கருப்பு படரும். கோடியக்கரை போன்ற சேற்றுக் கரைகளில் பாதி மாறியது, முழுக்க மாறியது, மாறவே ஆரம்பிக்காதது என்று ஒரே சட்டகத்தில் பிடிக்கலாம். தரையோடு தரையாகப் படுத்து, காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து எழும் அனல் நீள லென்ஸில் படத்தைக் குழைத்துவிடும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்துப் பலர் லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

புதர்ப் பக்கம் வந்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலம் முழுக்க "சக், சக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு முகம் காட்டாமல் இருக்கும். கிளம்பும் காலம் நெருங்க நெருங்கப் பாடிப் பார்க்கும். பாடுகிற பறவை ஒரு இடத்தில் நிற்கும், அதுதான் உங்கள் சமயம். ஆறுமணிக்குருவியும் அப்படியே. தெற்கிலிருந்து மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் கிளம்பும் முன், காலையிலும் மாலையிலும் இரண்டு சுரச் சீழ்க்கை அடிக்கும்.

தெற்கு அரைக்கோளத்தில் இருந்து எழுதிய இருவருக்கும் சேர்த்து: உங்கள் வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. வடக்கேயிருந்து உள்ளான்கள் வந்து இறங்கும்போது பழைய செங்கல் நிறம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரங்களிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: வர்ணமே இல்லாத ஒரு குருவியை எடுத்திருக்கிறேன். குழுவில் போட்டால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அழிக்கவா?

அழித்தீர்களோ! நீங்கள் அனுப்பியது பெண் பறவை, அருமையான படம். பல இனங்களில் ஆண் முதலில் வந்துவிடும், நல்ல இடம் பிடிக்க வேண்டுமே. பெண்கள் சில நாட்கள் கழித்து வருவார்கள். அதற்குள் படம் எடுப்பவர்களுக்கு ஆவல் தீர்ந்துவிடும். பாடுவதில்லை, பளிச்சென்று இல்லை, அதனால் பதிவும் குறைவு. ஆண்களின் படம் ஆயிரம் இருக்கிறது. உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரையில் நடக்கும் பறவைகள்தான் எனக்குக் கனவு. சருகுக்குள் இருக்கும், எடுத்ததே இல்லை.

இவற்றுக்குப் பொறுமை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பொறுமை மட்டும் போதாது, உயரமும் குறைய வேண்டும். நின்றபடி லென்ஸைக் கீழே திருப்பினால் நடுவில் அத்தனை செடியும் மறைக்கும். உட்கார்ந்தால், இன்னும் நல்லது படுத்தால், தண்டுகளுக்கு நடுவே சந்துகள் தெரிய ஆரம்பிக்கும். நான் எடுத்துப் போவது முதுகு சாய்க்க முடியாத மடக்கு ஸ்டூல். சாய வசதி இருந்தால் தூக்கம் வந்துவிடும்.

கனெக்டிகட் கதிர்க்குருவி என்று ஒன்று. தென்னமெரிக்காவில் குளிர்காலம் கழித்து, மற்றதெல்லாம் போனபின் மே கடைசியில் மெல்லப் போகும். கதிர்க்குருவிகள் துள்ளும், இது கோழி மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடக்கும். சாம்பல் தலை, கண்ணைச் சுற்றி முழு வெள்ளை வளையம். கனடாவில் ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாயின்ட் பீலியில் ஒரு காலை, வழியோரப் புதருக்குள் இது இருப்பதாகத் தெரிந்து கூட்டம் அரைவட்டமாக நின்றது. எல்லாரும் நின்றபடி கிசுகிசுவென்று பேசிக்கொண்டே புதரை எட்டிப்பார்த்தார்கள். நான் கூட்டத்தின் ஓரமாகப் போய், பாதை வளையும் இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். சருகு அங்கே தடிமனாக, ஈரமாக இருந்தது. இரை இருந்தால் அங்கேதான் இருக்கும். கூட்டம் கலைய ஆரம்பித்து நெடுநேரம் கழித்து ஒரு சருகு புரண்டது. அப்புறம் ஒரு கால், வெளிர் ரோஜா நிறம். பிறகு முழுப் பறவை. பாதையின் ஓரத்துக்கே வந்து, நிதானமாக என்னை நோக்கியே நடந்தது. நடந்து நடந்து என் லென்ஸால் ஃபோகஸ் செய்ய முடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது! அதற்கு முன் எடுத்தவையே போதுமாக இருந்தன. கேமராவை மடியில் வைத்துவிட்டு மூச்சு விடாமல் பார்த்தேன்.

உங்கள் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜூம்களில் இரண்டு, இரண்டரை மீட்டர் இருக்கும். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் குறுக்கும் சுவிட்ச் இருந்தால் அது 'முழு வீச்சு' என்ற நிலையில் இருக்கட்டும்.

கேள்வி: என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும்? ராணுவப் பச்சை கட்டாயமா?

இல்லை. பறவைக்கு நம்மைவிட அதிக நிறம் தெரியும், புற ஊதாவும் தெரியும். உங்கள் பச்சைச் சட்டையை அது எப்போதோ பார்த்துவிட்டது. பளீர் வெள்ளை மட்டும் வேண்டாம். ஆடாமல் இருங்கள், கூட வந்தவரோடு பேசாதீர்கள்.

கேள்வி: இருட்டில் எப்படி வழி தெரிகிறது? என் மகள் (8 வயது) கேட்கச் சொன்னாள்.

கண்ணம்மாவுக்கு: நட்சத்திரத்தைப் பார்த்துத்தான். 1960-களில் ஸ்டீபன் எம்லன் என்ற விஞ்ஞானி நீலக்குருவிகளை (இண்டிகோ பன்டிங்) ஒரு கோளரங்கத்துக்குள் வைத்தார். புனல் மாதிரிக் கூண்டு, அடியில் மை, சுற்றிலும் காகிதம். குருவி எந்தப் பக்கம் போகத் துடித்துத் தாவியதோ அந்தப் பக்கம் காகிதத்தில் மைக் கால்தடம் விழுந்தது. மேலே காட்டிய வானத்தை மாற்றினால் தடமும் மாறியது. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதைக் குஞ்சிலேயே கவனித்துக் கற்றுக்கொள்கின்றன என்று கண்டுபிடித்தார். பூமியின் காந்தமும் சூரியன் மறையும் திசையும் கூட உதவும். இரவில் வெளிவிளக்குகளை அணைத்துவிடச் சொல்லி அப்பாவை நச்சரி, வழி தப்பாமல் போகும்.

கேள்வி: அரிய பறவை கிடைத்தால் இடத்தோடு பகிரலாமா?

வலசையில் ஒரு நாள் தங்கும் பறவை, பொதுப் பூங்கா, பாதை இருக்கிறது என்றால் பகிரலாம். கூடு, ஆந்தை பகலில் அடையும் மரம் என்றால் கூடாது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈ-பேர்டு தளமே சில இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. படக் கோப்புக்குள் ஜிபிஎஸ் பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: முகத்துக்குக் குறுக்கே வந்த குச்சியை மென்பொருளில் எடுத்துவிட்டேன். போட்டிக்கு அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. பெரும்பாலான இயற்கைப் படப் போட்டிகள் அதை ஏற்பதில்லை, மூல 'ரா' கோப்பையும் கேட்பார்கள். வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் இஷ்டம். வெளிச்சம், வெட்டுதல், இரைச்சல் குறைப்பு எல்லாம் சரி. ஆனால் குச்சிகளுக்குள் வாழும் பறவையை மொட்டைக் கிளையில் உட்காரவைத்தால் எனக்கு அது வேறு பறவை மாதிரித் தெரிகிறது. ஓரளவு குச்சி இருக்கட்டும், கண் தெரிந்தால் போதும்.

கேள்வி: மே மூன்றாம் வாரம்தான் எனக்கு விடுமுறை. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பக்கம் போகிறேன். எல்லாம் முடிந்திருக்குமா?

கூட்டம் குறைந்திருக்கும், மனிதக் கூட்டமும் சேர்த்து. முன்வரிசை ஆண்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள். பெண் பறவைகள், ஈப்பிடிப்பான்கள், குயில் இனங்கள், பிளாக்போல், மேலே சொன்ன கனெக்டிகட் எல்லாம் அப்போதுதான் வரும். இலை நிறைந்துவிடும் என்பதுதான் தொல்லை. அதனால் உச்சியை மறந்துவிட்டு, கீழ்ப்புதர், கரையோரம், வெட்டவெளி ஓரம் என்று தேடுங்கள். ஈரி ஏரியின் தெற்குக் கரையில் மாகீ மார்ஷ் பலகைப் பாதை என்றால் ஏரியைத் தாண்டும் முன் இளைப்பாறும் பறவைகள் நாள் முழுக்க இருக்கும். வடகரையில் பீலி என்றால் விடிந்த முதல் இரண்டு மணி நேரம் முனையில் நில்லுங்கள், பிறகு உள்ளே வாருங்கள். முழுக்கை சட்டையும் சாக்ஸுக்குள் சொருகிய பேண்ட்டும் கட்டாயம். அங்கே உண்ணி அதிகம், திரும்பி வந்ததும் காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள்.